இரண்டு கோணிச் செருப்பு

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் அந்தப் பெருமை உங்களுக்குப் போய்விடும். என் முட்டாள்தனத்துக்கு ஒரு வாசனைகூட உண்டு. வெயிலில் காய்ந்த ரப்பர், வியர்வையில் ஊறிய தோல், எலி மூத்திரம் பட்ட கோணி, மூன்றும் கலந்து மூக்கில் ஏறுகிற நாற்றம். நாற்பது பேருடைய செருப்பை இரண்டு கோணியில் திணித்து, அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து சிரித்தவனுக்குத்தான் அது தெரியும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷக் கோடை, எனக்குப் பன்னிரண்டு வயது. மந்தைவெளியில் நாங்கள் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தோம். மொட்டைமாடி அறையில் யோகம் அக்காவும் அவளுடைய தம்பி குகனும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர்கள். அந்த மே மாதத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊரில் "சிலோன்காரங்க" என்ற சொல்லே வசவாகிவிட்டது. வீட்டுக்காரர்கள் சாமானைத் தெருவில் வைத்தார்கள், பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்தன. தி.நகர் ஜவுளிக்கடையில் புடவை விரித்துப் போடுகிற என் அப்பா திருநெல்வேலிக்காரர். எங்கள் தெருவில் யாரோ அவரிடம் மாடிக்காரர்களைப் பற்றிக் காதைக் கடித்தபோது, "நாம ரயில்ல வந்தோம், அவுக படகுல வந்தாக, அம்புட்டுத்தாம்ல" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

அந்த நாட்களில்தான் பக்கத்துத் தெரு மாதா கோயில் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் கூட்டம் நடக்கத் தொடங்கியது. ஃபாதர் கூடத்தைத் திறந்துவிடுவார், பள்ளிவாசல் ஹஸ்ரத் குடிக்கக் கோலி சோடா பெட்டி பெட்டியாக அனுப்புவார், தேவாரம் பாடுகிற ஓதுவார் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பாட்டைத் தொடங்குவார். மூன்று பேரும் மாறி மாறி வேண்டிக்கொண்ட பிறகு அகதிகளுக்காக மனு எழுதுவார்கள். முதல் கூட்டத்தன்று ஹஸ்ரத்தும் ஓதுவாரும் பழக்கதோஷத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போக, ஷூ போட்டே பழகிய ஃபாதர் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தானும் கழற்றினார். காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து, சாமி எந்தச் சாமியாக இருந்தாலும் அந்தக் கூடத்துக்குள் எல்லாரும் வெறுங்கால்தான்.

வாசலில் அத்தனை செருப்பு அநாதையாகக் கிடந்தால் என் கை சும்மா இருக்குமா? இரண்டாவது வாரமே ஜோடி மாற்றி வைத்தேன். யோகம் அக்காவின் சின்னச் செருப்பில் ஒன்று ஹஸ்ரத்துக்குப் போயிற்று. "ஐயோ, இஞ்ச பாருங்கோ! ஹஸ்ரத்துக்குப் பொம்பிளைச் செருப்புத்தான் வடிவாயிருக்கு" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதற்கடுத்த புதன்கிழமை போலீஸ் வந்து குகனைப் பிடித்துப் போயிற்று. பதிவு செய்த தாளில் ஏதோ முத்திரை இல்லையாம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமைக்குள் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை மனுவைக் கமிஷனர் ஆபீசில் கொடுத்தால் வெளியே விடலாம். கொடுக்காவிட்டால் சிறப்பு முகாம்தான், அதற்குள் போனவன் திரும்பியதில்லை என்றார்கள். அக்கா மூன்று நாளாகத் தாளோடு வீடு வீடாக அலைந்தாள், முகத்தில் சிரிப்பே இல்லை. என் மூளை போட்ட கணக்கு இதுதான்: ஒரு செருப்பு மாறியதற்கே அவ்வளவு சிரித்தவள், எல்லாச் செருப்பும் காணாமல் போனால் எவ்வளவு சிரிப்பாள்!

சனிக்கிழமை ஐந்து மணிக்கு உள்ளே ஓதுவார் பாடிக்கொண்டிருக்கையில் அத்தனை செருப்பையும் வாரிக் கோணியில் போட்டு, கூடத்தை ஒட்டிய ஜெனரேட்டர் அறைக்கு இழுத்துப் போனேன். என் நீல வார்ச் செருப்பு புத்தம் புதுசு, அதை அந்த நாற்றத்தோடு சேர்க்க மனம் வரவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க ஜன்னலில் கண்ணை வைத்தேன்.

வந்தது வேறு வேடிக்கை. இருபது பேர் இருக்கும். கையில் சைக்கிள் செயின், ட்யூப்லைட். "இன்னாடா, கொலகாரப் பசங்களுக்குக் கூட்டம் போட்டுக்கினு கீறீங்களா?" என்று ஒருவன் கத்தியதும், முற்றத்தில் நாங்கள் குடித்து வைத்த காலி சோடா பாட்டில்கள் கூடத்து வாசலை நோக்கிப் பறந்தன. அதில் மூன்று நான் குடித்தது. ஒவ்வொன்றும் வெடிகுண்டு மாதிரி வெடித்துக் கண்ணாடி சிதறியது. தடுக்க வந்த ஓதுவாரின் வாயில் செயின் விழுந்தது. அவர் பல்லைத் துப்பினார், வெற்றிலைச் சாறு என்றே முதலில் நினைத்தேன். ஃபாதரின் நெற்றியில் ட்யூப்லைட் உடைந்து வெள்ளை அங்கி சிவந்தது. "செருப்பு போனா போவுது, புள்ளைங்கள உள்ள தள்ளுங்க!" என்று கத்தியபடி கதவைச் சாத்திய ஹஸ்ரத்தின் முழங்கையில் கட்டையால் அடித்தார்கள். காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற சத்தம் எனக்கு ஜன்னல்வரை கேட்டது. என்னுடைய வீரம் அப்போது கோணிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு டிராயரை நனைத்துக்கொண்டிருந்தது.

கையெழுத்து வாங்குகிற மேஜை முற்றத்து நடுவில் இருந்தது. அதை ஒருவன் உதைத்தான்; மனுத்தாள்கள் கண்ணாடித் தூளின் மேல் பரவின. சாத்திய கதவைத் திறந்துகொண்டு யோகம் அக்கா ஓடி வந்தாள். அவள் கால் செருப்பைத் தேடி ஒரு நொடி வாசல்படியில் துழாவியதைப் பார்த்தேன். இல்லை. வெறுங்காலோடு இறங்கினாள். இருபது அடி தூரம். ஒவ்வொரு அடியிலும் ஒரு சிவப்புக் கால் பதிந்தது. முடியைப் பிடித்து ஒருவன் இழுக்க, இன்னொருவன் வயிற்றில் உதைக்க, அவள் தாள்களை மார்போடு சுருட்டிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டாள். கைநோகும்வரை முதுகில் அடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அப்புறம் நான் வெளியே வந்தேன். கண்ணாடியைத் தாண்ட முடியாமல் மற்றவர்கள் வாசலிலேயே தவிக்க, நான் ஒருவன் முற்றத்தில் அங்குமிங்கும் ஓடினேன். தண்ணீர் கொண்டுவந்தேன், ஆட்டோ பிடித்தேன். "இன்னா தில்லு நைனா உனக்கு!" என்று ஆட்டோக்காரர் முதுகில் தட்டினார். அடுத்த ஞாயிறு ஃபாதர் தலைக்கட்டோடு பூசையில் என் துணிச்சலைப் புகழ்ந்து ஒரு பேனா பரிசளித்தார். கோணிகளைச் சுவருக்குப் பின்னால் எறிந்திருந்தேன். கண்டெடுத்தவர்கள், "செருப்பைக்கூட விடல பாரு, பாவிங்க" என்று அந்த ரவுடிகளைச் சபித்தார்கள். அவர்கள் செய்யாத குற்றம் ஒன்றே ஒன்று, அதற்கும் அவர்களே வசவு வாங்கினார்கள்.

ரத்தம் பட்ட தாளைப் பிரதி எடுக்கலாம் என்றார்கள். அக்கா, "இதையே குடுங்கோ" என்றாள். மனுவைப் பார்த்து விட்டார்களோ, அடித்துச் சலித்து விட்டார்களோ, மூன்றாம் வாரம் குகன் வந்தான். உள்ளங்காலில் லத்தியால் அடித்திருந்ததால் படியேற முடியவில்லை, அப்பாதான் முதுகில் தூக்கிப் போனார். அக்காவும் தம்பியும் எதிரெதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். "நாலு கால் கிடக்கு, நடக்க ஒண்டும் உதவாது" என்று அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் இருவரும் கனடா போய்விட்டார்கள்.

போன மாதம் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அக்கா தி.நகருக்கு வந்திருந்தாள். இடது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறாள், கட்டைவிரல் மடங்குவதில்லை. மந்தைவெளிக்குப் போய்ப் பார்த்தோம். கூடம் இல்லை. கோலி சோடா இல்லை. ஹஸ்ரத்தும் ஓதுவாரும் ஃபாதரும் இல்லை. மூன்று சாமிக்கும் ஒரே வாசலில் கழற்றுகிற அந்தக் கூட்டத்தை அதற்குப் பின் நான் எங்கும் கண்டதில்லை. அந்த இடத்தில் குளிரூட்டிய கல்யாண மண்டபம் நிற்கிறது. செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறார்கள்.

அந்த டோக்கனைப் பார்த்ததும் இத்தனை வருஷம் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது. "அக்கா, அன்னைக்குச் செருப்பையெல்லாம் ஒளிச்சு வெச்சது நான்தான்" என்றேன்.

அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியும் தம்பி, அண்டைக்கு உன்ர காலில மட்டுந்தானே செருப்புக் கிடந்தது."