வண்டிக்கு வயதாகிவிட்ட குற்றம்

ஆர்டிஸ் ஸ்கோக்லண்டுக்கு வீடு கிடையாது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். வீடு இருக்கிறது, அதற்குச் சக்கரமும் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். மின்னசோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு, அவளும் கணவன் லெஸ்டரும் இருந்த வீட்டை விற்றுவிட்டு இந்த வீட்டு வண்டியில் ஏறிவிட்டார்கள். கோடையில் வடக்கே ஏதாவது ஓர் ஏரிக்கரை. குளிர்காலம் முழுக்க அரிசோனாப் பாலைவனத்தில் கோல்டன் மீசா வண்டி முகாம். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் கூடவே வரும். கழிப்பறை கூடவே வருவதால் அதன் தொட்டியைக் காலி செய்கிற பாக்கியமும் கூடவே வரும். சுதந்திர வாழ்க்கை என்றால் சும்மாவா?

கோல்டன் மீசாவில் இருந்த அத்தனை பேரும் ஊர்க் கட்டுப்பாடு பிடிக்காமல் சாலைக்கு வந்தவர்கள்தான். அப்படிப்பட்டவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினால் முதலில் போடுவது மடக்கு நாற்காலி. அடுத்துப் போடுவது கமிட்டி. நாய்க்கயிறு எவ்வளவு நீளம் இருக்கலாம், வாசலில் என்ன நிறத்தில் பாய் விரிக்கலாம் என்றெல்லாம் முகாமின் அழகுக் கமிட்டி ஏற்கெனவே தீர ஆலோசித்து முடித்திருந்தது. அதன் தலைவர் ஃபிளாய்ட், ஆர்டிஸுக்குப் பக்கத்து இடத்துக்காரர். ரயில் பெட்டி நீளத்துக்குப் புத்தம் புதிய வண்டி வைத்திருந்தார். பாலைவனத்தில் உட்கார்ந்து ரசிப்பதற்காக அதற்குள் குளிர்காய ஒரு கணப்பும் இருந்தது.

ஜனவரி மாதம் ஒருநாள் காலையில் மேலாளர் டிரென்ட் தன் குட்டி மின்வண்டியில் வந்து இறங்கினான். முகாமைப் புதிய முதலாளிகள் வாங்கியிருக்கிறார்கள், பத்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இனி இடமில்லை, மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்று மென்று விழுங்கிச் சொன்னான். ஆர்டிஸின் வண்டி முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு, ஒண்ணு கேக்குறேன்," என்றாள் ஆர்டிஸ். "இந்த முகாமுக்குள்ள வர மனுஷனுக்கு எத்தனை வயசு ஆகியிருக்கணும்?"

"ஐம்பத்தஞ்சு, மேடம்."

"அதுக்குக் கம்மியா இருந்தா?"

"விட மாட்டோம்."

"ஆக, மனுஷன் கிழடா இருக்கணும், வண்டி குமரியா இருக்கணும். ஏன், நாங்க என்ன அதைக் கட்டிக்கவா போறோம்?"

விதியைத் தான் போடவில்லை என்றான் டிரென்ட். உலகத்தில் எந்த விதியையும் யாரும் போடுவதில்லை. அது தானாகவே வந்து விழுந்துவிடுகிறது.

ஆர்டிஸுக்கு வந்த கோபம் வண்டிக்காக மட்டும் அல்ல. லெஸ்டரின் நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு அவர் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் கட்டிலடியில் உறுமுகிற ஆக்சிஜன் இயந்திரத்திலிருந்து வருகிறது. இயந்திரத்துக்கு இரவு பகலாகக் கரண்ட் வேண்டும். முகாமைத் தாண்டினால் அரசாங்கத்தின் திறந்தவெளிப் பாலைவனம் இருக்கிறது. அங்கே வண்டியின் வயதை யாரும் கேட்க மாட்டார்கள். கரண்டும் யாரும் தர மாட்டார்கள். வண்டியிலிருந்த ஜெனரேட்டரோ லெஸ்டரை விட அதிகமாக இருமியது. சுற்றுவட்டாரத்து முகாம்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தாள். பாதி முகாம்களில் இடம் நிரம்பியிருந்தது. மீதிப் பாதியில் நலம் விசாரிப்பதற்கு முன்பே வண்டி எந்த வருஷத்தது என்று விசாரித்தார்கள்.

சாயங்காலம் எல்லோரும் அவரவர் நாற்காலியோடும் அவரவர் கோப்பையோடும் வட்டமாகக் கூடினார்கள். அக்கிரமம் என்றார்கள், அநியாயம் என்றார்கள். சேர்ந்து போய் முதலாளிகளிடம் பேசலாமா என்று ஆர்டிஸ் கேட்டதும் பலருக்குத் திடீரென்று தங்கள் நாய்களின் ஞாபகம் வந்தது. ஃபிளாய்ட் மட்டும் ஒரு வழி சொன்னார். பழைய வண்டியாக இருந்தாலும் பார்வைக்கு நன்றாக இருந்தால் போட்டோவைப் பார்த்து விதிவிலக்கு தருவது எல்லா முகாம்களிலும் உள்ள வழக்கம்தானாம்.

ஆர்டிஸ் இரண்டு நாள் ஏணி மேல் நின்று வண்டியைக் கழுவி, மெழுகு தேய்த்து, கல்யாணத்துக்குப் பெண்ணின் படம் அனுப்புவதைப் போல நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினாள். முதலாளிகள் முடிவை அழகுக் கமிட்டியிடமே விட, கமிட்டி கூடிப் பரிசீலித்தது. பக்கவாட்டிலுள்ள பழுப்புக் கோடு மங்கியிருக்கிறதாம், அதனால் விதிவிலக்கு கிடையாதாம். ஃபிளாய்ட் இதை அவளிடம் தன் காலணியைப் பார்த்துக்கொண்டே தெரிவித்தார்.

"எனக்குந்தான் முகம் மங்கிப்போச்சு, ஃபிளாய்ட். உனக்கும்தான். நம்ம ரெண்டு பேரையும் யாரு வெளியேத்துறது?"

மாதக் கடைசி வந்தது. வேறு போக்கிடம் இல்லாமல், இருமுகிற ஜெனரேட்டரை நம்பித் திறந்தவெளிப் பாலைவனத்துக்கே போவது என்று முடிவாயிற்று. வண்டி கிளம்புமுன் கோயிலைச் சுற்றுவதுபோல் அதை ஒருமுறை வலம் வர வேண்டும், எது எதோடு பிணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது இந்த வாழ்க்கையின் முதல் பாடம். புதிதாக வருகிறவர்களுக்கு இதை அதட்டிச் சொல்லிக்கொடுப்பவளே ஆர்டிஸ்தான். ஆனால் அன்றைக்கு அவளுடைய மண்டைக்குள் அந்தப் பழுப்புக் கோடு மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் கையசைக்க நின்றவர்களை ஏறிட்டும் பாராமல் ஏறி உட்கார்ந்து வண்டியை நகர்த்தினாள்.

அவள் கழற்ற மறந்த முகாமின் கரண்ட் ஒயரும் தண்ணீர்க் குழாயும் வண்டியோடு கூடவே கிளம்பின. குழாயோடு இரும்புக் குழாய்த்தூணும் பிடுங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியடித்து, காற்று தள்ளிய பக்கமாகச் சாய்ந்து, ஃபிளாய்டின் புது வண்டி மேல் கொட்டியது. கூரைச் சன்னல் திறந்திருந்ததால் கணப்புக்கும் அபிஷேகம் ஆயிற்று. ஆர்டிஸ் பதறிப்போய் பிரேக்கை மிதித்தாள். மணல் தரை கஞ்சியாகிப் பின்சக்கரங்கள் அச்சு வரைக்கும் இறங்கின.

உள்ளே ஆக்சிஜன் இயந்திரம் அபாய மணியாகக் கூவ ஆரம்பித்தது. கரண்ட் இல்லை. லெஸ்டரின் உதடு வெளுத்தது. ஆர்டிஸ் ஜெனரேட்டரைப் போட்டாள். அது இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது.

நாற்காலி வட்டத்தில் ஒருவருக்கும் இல்லாத வேகம் அப்போது ஃபிளாய்டுக்கு வந்தது. சொட்டச் சொட்ட நனைந்தபடி தன் வண்டியிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை இழுத்துவந்து சன்னல் வழியாக நீட்டினார். இயந்திரம் மறுபடி உறுமியது. ஆர்டிஸ் அவரைப் பார்த்தாள். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. திட்ட வேண்டும் என்றும் தெரிந்தது. இரண்டையும் ஒத்திவைத்துவிட்டு, ஒயர் நழுவாதபடி சன்னல் கைப்பிடியில் சுற்றிக் கட்டினாள்.

டிரென்ட் ஓடிவந்தான். கனவண்டி இழுக்கிற லாரி பெரிய நகரத்திலிருந்து வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை நெடுஞ்சாலையில் போகிற ஒவ்வொருவரும், முன்வரிசையிலேயே சேற்றில் சாய்ந்து நிற்கும் வண்டியின் மங்கிய பழுப்புக் கோட்டைத் தரிசித்துவிட்டுத்தான் போவார்கள். தள்ளிப்போய் முதலாளிகளோடு போனில் நெடுநேரம் பேசிவிட்டு வந்தான்.

"மேடம், துணி துவைக்கிற கட்டடத்துக்குப் பின்னால ஒரு இடம் இருக்கு. ரோட்டுலேர்ந்து தெரியாது. வண்டியை இன்னைக்கே அங்க கொண்டு போயிட்டா, குளிர்காலம் முடியுற வரைக்கும் இருந்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"ஒளிச்சு வைக்கிறீங்களா? நாங்க என்ன திருட்டுச் சாமானா?"

லெஸ்டர் சன்னல் வழியே தலையை நீட்டினார். அவர் ஒரு வாக்கியம் பேச இரண்டு மூச்சு எடுக்க வேண்டும்.

"ஆர்டிஸ்... அங்க கரண்ட் இருக்கான்னு கேளு."

"இருக்கு சார்," என்றான் டிரென்ட்.

 ஆர்டிஸுக்குச் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. அதையெல்லாம் லெஸ்டரின் மூக்கிலிருந்த குழாயைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

"சரி, போறேன். ஆனா சேத்துலேர்ந்து என்னைத் தள்ளிவிடப் போறது அழகுக் கமிட்டி. மொத்தக் கமிட்டியும்."

கமிட்டி மறுபேச்சில்லாமல் மண்வெட்டியும் பலகைகளுமாக வந்தது. இயந்திரத்தையும் லெஸ்டரையும் அந்த நேரத்துக்கு ஃபிளாய்டின் வண்டியில் ஏற்றி உட்கார வைத்தார்கள். சக்கரத்துக்கு அடியில் தோண்டி, பலகை செருகி, முன்னால் ஒரு பிக்கப் வண்டியைக் கயிறு கட்டி இழுக்க விட்டு, தலைவர் உட்பட உறுப்பினர்கள் அனைவரும் பின்னால் தோள் கொடுத்தார்கள். ஆர்டிஸ் பக்கவாட்டுக் கண்ணாடியில் எல்லோரும் பின்சக்கரச் சேற்றுக்கு நேராகச் சரியான இடத்தில் நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு ஆக்சிலரேட்டரைத் தேவைக்குச் சற்று அதிகமாகவே மிதித்தாள்.