பதினான்கு மெயிலில் பதிமூன்று திரும்பி வந்தது

ஹெச்.ஆர். வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம் சட்டம் கேட்பார்கள், படிவம் கேட்பார்கள். "மேடம், நீங்க செஞ்ச பெரிய தப்பு என்ன?" என்று ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஓய்வு பெற்று ஒரு வருடமாகியும் அது என்னை விடவில்லை.

பள்ளிபாளையம் பக்கம் ஒரு நெசவு மில்லில் இருந்தேன். மதியம் இரண்டு மணி ஷிப்டில் யாருக்கு எந்தத் தறி என்பதை வீவிங் மாஸ்டர் தினமும் தன் கையால் எழுதித் தருவார். நான் அதை ஸ்கேன் செய்து பதினான்கு டிபார்ட்மெண்டுக்கும் மெயில் போடுவேன். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் பிரிண்ட் எடுத்து வாட்ச்மேனிடம் கொடுப்பார்கள். அவர் கேட் போர்டில் பசை தடவி ஒட்டுவார். மெயில் வந்த காலத்திலும் காகிதம் ஒழியவில்லை. போர்டில் பெயரைப் பார்க்காமல் எங்கள் ஆட்கள் தறிப் பக்கமே போக மாட்டார்கள்.

அன்று காலை, நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்த மல்லிகா ஒரு கடிதத்தோடு வந்தாள். அவளுடைய சூப்பர்வைசர் மூன்று மாதமாக அவளிடம் என்னென்ன பேசினான், எங்கே கை வைத்தான் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். இப்படிப் பெண்கள் தரும் புகாரை விசாரிக்கும் மில்லின் உள் புகார் குழுவுக்கு நான்தான் தலைவி. கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன். அவள் உட்காரவே இல்லை.

"எங்க ஊட்டுக்காரருக்கு மட்டும் தெரியக் கூடாதுங்க மேடம். தெரிஞ்சா நாளைக்கே வேலைக்குப் போவாதன்னு சொல்லிப்போடுவாருங்க. எனக்கு இந்த வேலை வேணுமுங்க."

அவள் கணவன் சண்முகம் அதே மில்லில் இரண்டு மணி ஷிப்ட் தறிக்காரர். "என்னைத் தாண்டிப் போகாது மல்லிகா, தைரியமா இரு" என்றேன். பெரிய வாக்குறுதிதான்.

சட்டப்படி குழுவில் மில்லைச் சேராத ஒருவர் உண்டு; அந்த வெளி உறுப்பினருக்கு அனுப்ப வேண்டும் என்று கடிதத்தை ஸ்கேன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் தறி லிஸ்ட் வந்தது, அதையும் ஸ்கேன் செய்தேன். எங்கள் மெஷின் ஃபைலுக்குப் பெயர் வைக்காது, வெறும் நம்பர்தான் வைக்கும். ஒன்றே காலுக்கு, வழக்கம்போல ஒன்றை இணைத்து அனுப்பினேன். திறந்து பார்க்கவில்லை. பசி வேறு.

பிறகு வெளி உறுப்பினருக்கு அனுப்பலாமென்று மற்ற ஃபைலைத் திறந்தேன். அதில் தறி லிஸ்ட் இருந்தது.

அப்படியானால் பதினான்கு டிபார்ட்மெண்டுக்கும் போனது மல்லிகாவின் கடிதம். அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பிறகு கம்ப்யூட்டர் பார்க்கும் சிஸ்டம்ஸில் இருந்த கவிதாவுக்கு போன் போட்டேன்.

"மேடம், பதறாதீங்க. ரீகால் போடுங்க. தொறக்காத மெயில் எல்லாம் அவங்கவங்க பெட்டியில இருந்தே போயிரும். யாராச்சும் தொறந்துட்டாங்கன்னா அது மட்டும் வராதுங்க."

அவள் சொல்லச் சொல்ல அழுத்தினேன். சாப்பாட்டு நேரம் என்பதால் யாரும் சீட்டில் இல்லை. ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. சக்சஸ். சக்சஸ். விரல் விட்டு எண்ணினேன். பதிமூன்று வரை சக்சஸ். குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, பதினான்காவது ஃபெயில்டு என்று வந்தது. டைம் ஆபீஸ்.

அந்த வயதில் அப்படி ஓடியிருக்கக் கூடாது. டைம் ஆபீஸில் பழனிசாமி அண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்.

"லிஸ்ட்டுங்களா? அப்பவே வாட்ச்மேன்கிட்டக் குடுத்தாச்சுங்களே."

"படிச்சுப் பார்த்தீங்களா?"

"நான் எதுக்குங்க படிக்கோணும்? நானா தறி ஓட்டப் போறேன்?"

வாட்ச்மேனுக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது. கையெழுத்துக் காகிதம், கொடுத்தார்கள், ஒட்டினார். அவரை என்ன சொல்ல?

கேட்டுக்குப் போனபோது போர்டு காலியாக இருந்தது. நான்கு மூலையிலும் பசை ஈரமாக இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் சண்முகம் நின்றிருந்தார். ஷிப்டுக்கு அரை மணி முன்பே வந்து தன் தறியைப் பார்த்து வைப்பவர் அவர் ஒருவர்தான். காகிதம் அவர் கையில் இருந்தது. வேறு யாரும் இன்னும் வந்திருக்கவில்லை.

"இது எங்கூட்டுல எழுதுன எழுத்துங்களே மேடம்" என்றார். கோபமாகக் கூட இல்லை.

காகிதத்துக்காகக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"சொன்னா வேலைக்கு அனுப்ப மாட்டீங்கன்னு பயந்தாங்க."

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். உள்ளே தறி ஓடும் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க. அனுப்பியிருக்க மாட்டேன்" என்றார்.

அடுத்த நாள் மல்லிகா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நிர்வாகத்திடம் என் தவறை எழுதிக் கொடுத்தேன்; மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். விசாரணை நடந்தது. சூப்பர்வைசரை வேலையை விட்டு அனுப்பினார்கள். நியாயம் கிடைத்தது என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் கலந்துகொள்ள முகம் இல்லை.

அதன் பிறகு அட்டாச்மெண்டைத் திறந்து பார்க்காமல் ஒரு மெயிலும் அனுப்பியதில்லை. புகார்க் கடிதத்தைப் பொது ஸ்கேனரில் வைத்ததும் இல்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ரீகால் இருக்கிறதே என்று நம்பி உட்காராதீர்கள். ஆனால் இதெல்லாம் பிறகு வந்த புத்தி, மல்லிகாவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

விசாரணை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத்தான் அவள் கடைசியாக வந்தாள். சண்முகம் கேட்டுக்கு வெளியே வண்டியில் காத்திருந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ உளறினேன். பதிமூணு பேர்கிட்டயிருந்து திருப்பி எடுத்துட்டேன் மல்லிகா, ஒண்ணே ஒண்ணுதான் தப்பிப்போச்சு என்று கூடச் சொன்னேன். வெட்கம் கெட்ட பேச்சு.

அவள் கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றி என் மேஜையில் வைத்தாள்.

"பதிமூணு பேரும் படிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க மேடம். தெரியக் கூடாதுன்னு நான் ஒருத்தரைத்தானுங்களே சொன்னேன்."