கடைசி வரியை முதலில் படிக்கிறவர்

வேலை விளம்பரத்தை யாராவது அடியிலிருந்து மேலாகப் படிப்பார்களா? துணி அக்காவை முதன்முதலில் அப்படிப் பார்த்தபோது இதற்கு விடை தெரியவில்லை. இரண்டாம் மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் குடியிருந்த கட்டடத்தில் அங்கேதான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். மடியில் கோடு போட்ட நோட்டு, காதோரம் சொருகிய பென்சில், கையில் மூலை உடைந்த போன். விளம்பரத்தை ஒரே தள்ளாக அடிவரைக்கும் தள்ளி, கடைசி வரியை நோட்டில் எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் என்ன வேலை, யார் கூப்பிடுகிறார்கள் என்று மேலே போய்ப் பார்ப்பார்.

"மேல இருக்கிறதெல்லாம் எல்லா விளம்பரத்துலயும் ஒண்ணுதான். கடைசி வரிதான் புதுசா சேர்த்தது. வேலையை விட்டுப் போனவங்க மேல இருக்கிற கோவம் மொத்தமும் அங்கதான் உட்கார்ந்திருக்கும்" என்பார்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருஷம் இருந்தவர் அவர். கடைசி ஏழு வருஷம் அவர்தான் பொறுப்பாளர். பதினான்கு வார்டுக்கும் படுக்கை விரிப்பு அவர் கை வழியாகத்தான் போகும். டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் துணி அக்கா. அழுக்கு விரிப்பைப் பிரித்துப் பார்த்தே, எந்த வார்டில் மருந்து கவிழ்ந்தது, எந்தக் கட்டிலின் கம்பி துருப்பிடித்துவிட்டது என்று சொல்லிவிடுவார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

ஒரு நாள் ஆஸ்பத்திரி, சலவையை வெளி ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டது. அக்காவுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். "இனிமே என்கிட்ட நேரம்தானே நிறைய இருக்கு, அதான் பொருத்தமா கொடுத்திருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தார். வயது நாற்பத்தாறு.

மறுநாளே மூன்று வேலை வெப்சைட்டுகளில் தன்னைப் பதிவு செய்தார். படிப்பு என்ற கட்டத்தைத் தொட்டால் பட்டம், மேல்பட்டம், டிப்ளமோ என்று வரிசையாக வந்தது. பத்தாவதோடு நின்றவருக்கு அதில் இருந்த ஒரே இடம் 'மற்றவை'. "நான் மத்தவையாம்" என்று தலையாட்டிக்கொண்டே அதைத் தொட்டார். திறமைகள் என்ற கட்டத்தில் "துணி பற்றி எல்லாம் தெரியும்" என்று எழுதினார். சாயங்காலமே பதில் வந்தது: 'உங்களுக்குப் பொருத்தமான வேலை: ஆடை விளம்பர மாடல். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்.' அதைப் பார்த்துவிட்டு அவருடைய தங்கை படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

'உங்கள் விவரத்தை இன்று மூன்று பேர் பார்த்தார்கள்' என்றும் போன் அடிக்கடி சொல்லும். "பார்த்தாங்க சரி, பார்த்துட்டு எங்க போனாங்க?" என்று அக்கா முணுமுணுப்பார். அவருடைய கணவர், வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற பெயின்டர்; பேச்சில் வம்புக்காரர். "நான் இருபத்து மூணு வருஷமா உன்னைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். எனக்கு ஒரு நோட்டிபிகேஷன் வரலையே" என்பார்.

தங்கை மூன்றாம் மாடியில் இருக்கிறாள். இரட்டைக் குழந்தைகள், பத்து மாதம். ஒன்றைத் தூக்கினால் மற்றொன்று அழும். ஏறும்போதும் இறங்கும்போதும் அக்காவைப் படியில் பார்ப்பாள்.

"ஏக்கா, போனைத் தேய்ச்சுத் தேய்ச்சு விரல் ரேகையே போயிடப் போகுது. பேசாம எங்க வீட்டுக்கு வந்துடு. பிள்ளைங்களப் பார்த்துக்கோ. எப்படியும் சும்மாதானே இருக்க?"

அந்தச் 'சும்மா' அக்காவின் மனதில் முள்ளாகத் தைத்தது. குழந்தைகள் மேல் அவருக்கு உயிர். ஆனால் பதினான்கு வார்டுகள் காலை விடிந்ததும் தேடிய ஒருவர், நாளெல்லாம் இடுப்பொடிய இரண்டு பிள்ளைகளைத் தூக்கினாலும், கேட்பவர்களிடம் வீட்டில் என்ன சொல்வார்கள்? சும்மா இருக்கிறாள் என்றுதான் சொல்வார்கள். தங்கை விடவில்லை. நான்கு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு நாள் அக்கா வார்த்தையை விட்டுவிட்டார்: "அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிக்குள்ள வேலை கிடைக்கலன்னா வந்துடறேன். போதுமாடி?" சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அது தங்கைக்கும் தெரியும். அன்றைக்கே குழந்தைகளின் பால் புட்டிகளை எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

வெப்சைட்டில் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் கீழே 'நிறுவனத்திடம் கேளுங்கள்' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. எல்லாரும் அதில் சம்பளத்தையும் லீவையும் கேட்பார்கள். அக்கா எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "இதற்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார்?" அறுபத்தோரு இடங்களில் கேட்டார். ஒரே ஒருவர்தான் பதில் போட்டார்: 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.' "நன்றி வாங்கறதுக்கா கேட்டேன்?" என்று நோட்டை மூடினார்.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது அந்த ஹோட்டல் விளம்பரம் வந்தது. பன்னிரண்டு மாடி ஹோட்டல். துணி அறைக்குப் பொறுப்பாளர் தேவை. அக்கா விண்ணப்பித்தார். நாற்பதே விநாடியில் 'வருந்துகிறோம், தகுதி பொருந்தவில்லை' என்று பதில் வந்தது. எந்த மனிதரும் அதைப் படித்திருக்க முடியாது. 'மற்றவை' என்பதைப் பார்த்ததும் மெஷினே தள்ளிவிட்டது.

அக்கா அழவில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். அதே ஹோட்டல், அதே வேலை, ஐந்து மாதத்தில் இது நான்காவது தடவை. முந்தின மூன்று தடவையும் தன் கேள்விக்குப் பதில் வராததால் அவர் விண்ணப்பிக்கவில்லை. முதல் விளம்பரத்தில் அனுபவம் மட்டும்தான் கேட்டிருந்தார்கள். இரண்டாவதில் 'நேரம் தவறாதவராக இருக்க வேண்டும்' என்று ஒரு வரி கூடியிருந்தது. மூன்றாவதில் 'மற்றப் பிரிவினரோடு ஒத்துப்போகிற பட்டதாரி' வேண்டும் என்றார்கள். நான்காவதில் கடைசி வரி: 'படி ஏறி இறங்கும் உடல் வலிமை தேவை.'

பென்சில் அந்தக் கடைசி வரியிலேயே நின்றது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் துணிக்காரர் ஏன் படி ஏற வேண்டும்?

பிறகு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, கேள்விக் கட்டத்தில் அவர் கேள்வி கேட்கவில்லை. பதில் எழுதினார்.

"ஐயா, உங்களிடம் வேலை பார்த்துப் போனவர்கள் மோசமானவர்கள் இல்லை. காலையில் உங்கள் சரக்கு லிஃப்ட் சமையலறை கையில் இருக்கிறது. அதனால்தான் முதலில் இருந்தவர் துணியைத் தாமதமாகக் கொண்டுபோனார். அடுத்தவர் சமையல்காரரோடு சண்டை போட்டார். அதற்கடுத்தவர் படியில் தூக்கிக்கொண்டு ஏறி முட்டி வலி வந்து நின்றுவிட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் இதே சண்டை இரண்டு வருஷம் நடந்தது. அதைத் தீர்த்தது நான்தான்."

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை போன் வந்தது. பேசியது மெஷின் இல்லை.

ஹோட்டல் மேனேஜர் ஒல்லியானவர், மறுநாள் காலை நேரில் போன அக்காவைக் கோபத்தோடுதான் வரவேற்றார். "எங்க ஆளுங்கள்ல யாரு உங்களுக்குச் சொந்தம்? உண்மையைச் சொல்லுங்க."

"யாரும் இல்ல சார். உங்க விளம்பரம்தான் சொல்லுச்சு."

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து விளம்பரத்தை ஒருமுறை முழுதாகப் படித்தார். "இதுல லிஃப்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே."

"படியைப் பத்தி இருக்கே சார்."

மேனேஜர் எழுந்து அவரைக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். மணி எட்டு. சரக்கு லிஃப்டின் பட்டனை அழுத்திவிட்டு இரண்டு பேரும் நின்றார்கள். ஒன்பது நிமிஷம் ஆனது. கதவு திறந்தபோது உள்ளே காலி தட்டுகள் அடுக்கிய நான்கு தள்ளுவண்டிகள். மூச்சு விடக்கூட இடமில்லை. தள்ளிக்கொண்டு வந்த சமையல்காரர், "துணியா? பத்து மணிக்கு மேல வாங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு, பக்கத்தில் மேனேஜரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க எப்படித் தீர்த்தீங்க?" என்றார் மேனேஜர். குரல் இறங்கியிருந்தது.

"சண்டை போட்டுப் பார்த்தோம், ஆகல. அப்புறம் முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கே எல்லா மாடிக்கும் துணியை ஏத்தி அலமாரியில வெச்சுட்டோம். அந்த நேரத்துல லிஃப்ட் தூங்கிட்டு இருக்கும். காலையில சமையல் அவங்க பாட்டுக்கு, துணி எங்க பாட்டுக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "டிகிரி கேட்டிருந்தோமே."

"பத்தாவதோட நின்னுட்டேன் சார். கடைசியா போனவரு டிகிரி முடிச்சவர்தானே?"

"ஆமா."

"அவரும் படியிலதானே ஏறினாரு."

சமையல்காரர் சிரிப்பை அடக்கத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டார். மேனேஜரால் அடக்க முடியவில்லை.

ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, மூன்றாம் மாடியில் தங்கையின் கதவு தட்டப்பட்டது. திறந்தவள் இடுப்பில் ஒரு குழந்தை. மற்றொன்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. "என்னக்கா, போன காரியம் என்ன ஆச்சு?"

அக்கா அவள் கையை விரித்து, உள்ளங்கையில் ஒரு சாவிக்கொத்தை வைத்தார்.

"இவ்வளவு கனமா இருக்கு. என்னது இது?"

"பன்னெண்டு மாடித் துணி."

தங்கைக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "அப்ப என் பிள்ளைங்க?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கொண்டா. பெரியம்மா வேலைக்குப் போயிட்டு வந்திருப்பா."

இடுப்பிலிருந்த குழந்தை சாவிக்கொத்தைப் பிடுங்கி வாயில் வைத்துச் சப்பியது. தங்கை பதறினாள். அக்கா அவசரப்படாமல் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, சாவிகளை முந்தானையில் அழுத்தித் துடைத்து, பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்போது எங்கோ ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து போனில் வேலை தேடிக்கொண்டிருக்கலாம். இந்தப் பத்திரிகையைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டாம். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடம் கொடுத்துவிடுங்கள்.