எட்டாவது ஹைக்கூ

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வரும். அதைவிடச் சிரிப்பு, ஒரு வாக்கியத்தை மூன்றாக ஒடித்துப்போட்டு ஹைக்கூ என்பவர்களைப் பார்த்தால். நீங்கள் நம்பப் போவதில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன், ஆனாலும் சொல்கிறேன்.

குன்னூரில் எங்கள் வாசகர் வட்டம் ஹைக்கூ போட்டி வைத்தது. தலைப்பு இணையம். தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கடிதம் எழுதியே காலம் தள்ளிய என்னை நடுவராகப் போட்டார்கள். வந்ததெல்லாம் குப்பை. மார்க்கெட்டில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் ஜமீலா மட்டும் ஏழு அனுப்பியிருந்தார், ஏழிலும் இரண்டு தேடுபொறிகளின் சண்டைதான்.

"தொலைந்த செருப்பைக் கேட்டேன்
ஒன்று புதுச்செருப்பு காட்டியது
மற்றது, அதைவிட மலிவாக."

படித்ததும் சிரித்துத் தொலைத்தேன், அதுதான் எரிச்சல். ஸ்வெட்டர் விற்கிறவருக்கு இதெல்லாம் எங்கிருந்து வரும்? செயலாளர் தங்கவேலுக்குப் போன் போட்டேன்.

"அந்தம்மா பேரை எடுத்துடுங்க. எல்லாம் திருட்டுக் கவிதை."

"ஆதாரம் இருக்குதுங்களா?"

"மத்தியானத்துக்குள்ள தர்றேன்."

எல்லாரும் பயன்படுத்தும் தேடுபொறியில் அந்த வரிகளைப் போட்டேன், செருப்புக் கடைகளாக வந்தன. யாரும் சீண்டாத இன்னொன்றில் போட்டேன். ஒரே ஒரு பக்கம் வந்தது, வெறும் வெள்ளை, எழுதியவர் பெயர் இல்லை, ஜமீலாவின் ஏழும் வரிசையாக இருந்தன. மாட்டிக்கொண்டார் என்று குஷியாகக் கீழே போனால், எட்டாவதாக ஒன்று.

"சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டவர்
என் வரிகளில் திருட்டைத் தேடுகிறார்"

குனிந்து பார்த்தேன். ஒரு பொத்தான் தள்ளித்தான் போட்டிருந்தேன். மூன்றாவது வரியைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மறுபடி திறந்தால் பக்கமே இல்லை. இரண்டிலும் மாறி மாறித் தேடினேன், இல்லை.

அப்படியே ஜமீலாவின் கடைக்குப் போனேன், பட்டப்பகலில்.

"ஏனுங்க, எட்டாவதா ஏதாச்சும் எழுதினீங்களா?"

அவர் கையிலிருந்த ஸ்வெட்டரைக் கீழே வைத்தார். "எழுதலீங்க சார். காலையில கடை தெறக்கறப்ப ரெண்டு வரி மனசுல வந்துச்சு. யாருகிட்டயும் சொல்லலீங்களே."

சொல்லச் சொன்னேன். பொத்தானும் திருட்டும், எழுத்து பிசகாமல் அதே இரண்டு வரி. சொல்லி முடித்தவர் என் சட்டையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தானைச் சரி செய்ய எனக்குத் தோன்றவே இல்லை.

நடந்ததைச் சொன்னேன், பழி போட்டதையும் சேர்த்து.

"என்னைய திருடின்னு சொல்லிப்போட்டீங்களா?" என்றார். அவர் பார்த்த பார்வையில் நான் இரண்டடி குறைந்துபோனேன். அங்கேயே தங்கவேலைக் கூப்பிட்டு, சொன்னது தப்பு, முதல் பரிசே அந்த அம்மாவுக்குத்தான் என்றேன்.

கிளம்பும்போது ஜமீலா கேட்டார்: "மூணாவது வரி என்னங்க சார்? எனக்கு இன்னும் வரல."

வாயைத் திறந்தேன். நினைவில்லை.

இன்றுவரை இல்லை. அவருக்கும் அது வரவில்லை. நான் வேண்டுமென்றே மறைக்கிறேன் என்று கோபம், கடை வழியாகப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எழுந்து நின்றது நினைவிருக்கிறது, மேசையைப் பிடித்துக்கொண்டது நினைவிருக்கிறது, "ஐயோ, இது எப்படித் தெரியும்" என்று நான் வாய்விட்டுச் சொன்னதுகூட நினைவிருக்கிறது. அந்த 'இது' எது என்பதுதான் தெரியவில்லை.