மாயாண்டி கங்காணியின் பந்தாட்ட அணி

போன வெள்ளிக்கிழமை, பொந்தியானில் நான் வேலை பார்க்கும் அரிசிக் கடைக்கு, நான் முன்பு இருந்த ரப்பர்த் தோட்டத்து மாட்டுவண்டிக்காரர் வந்தார். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டே, "மாயாண்டி கங்காணி போயிட்டாருங்க. காலையில எந்திரிக்கல" என்றார். நான் அரிசி அளந்துகொண்டிருந்தேன். அளந்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

அவரை அறிந்தவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய கங்காணி அவர்; எங்கள் பந்தாட்ட அணியை உருவாக்கி நடத்தியவரும் அவரே. அப்படியோர் அணி மலாயாவின் இந்த ஜொகூரில் ஆடியதில்லை என்று, பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். நாங்கள் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் போட்டவர்களை ஓடவிட்டோம். ஒருவன் பந்தைத் திரும்பிப் பாராமல் தட்டினால், அது போய்ச் சேரும் இடத்தில் இன்னொருவன் நிற்பான். அது எப்படிச் சாத்தியமானது என்று கேட்கிறீர்கள். நான் அந்த அணியின் கோல்காவலன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு, கையில் பால் வாடை போவதற்குள் திடலுக்கு வந்துவிட வேண்டும். பந்தைத் தவறாகத் தட்டியவனைக் கோல் கம்பத்தோரம் கையைப் பின்னால் கட்டி நிற்கவைப்பார். மற்றவர்கள் அவன்மீது பந்தை உதைக்க வேண்டும். மெதுவாக உதைத்தவனும் போய் அவன் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். என் மூக்கு உடைந்தது அப்படித்தான். துடைக்கத் தம் துண்டை நீட்டிவிட்டு, "வலிச்சாத்தான் கண்ணு பந்த விட்டு வேற எங்கேயும் போவாது" என்றார்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போதே, யார் யார் குடும்பத்தோடு ஊருக்குக் கப்பல் ஏற வேண்டும் என்பதையும் சொன்னார்கள். தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் தொரை பந்தாட்டப் பைத்தியம். ஜெயிக்கும்வரை எங்களை வைத்துக்கொள்வதாகக் கங்காணியிடம் சொல்லியிருந்தார். கங்காணி அதை எங்களிடம் மறைக்கவில்லை. "தோத்தா நாகப்பட்டினம். வெளையாட்டுன்னு நெனச்சு எவனும் எறங்காதீங்க" என்றார். ஊரில் எங்களில் பலருக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. கோல் போட்டபின்கூட நாங்கள் சிரிக்காததைப் பார்த்து, என்ன கட்டுப்பாடு என்று சனங்கள் வியந்தார்கள்.

எங்களில் மிகச் சிறந்த ஆட்டக்காரன் சூசை. பத்து பகாட் என்ற ஊரில் நடந்த ஓர் ஆட்டத்தில் அவன் முழங்கால் திரும்பிக்கொண்டது. கங்காணி அவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு லயத்து வீட்டுக்கு வந்து, தாமே எண்ணெய் போட்டு உருவிவிட்டார். இவ்வளவு பாசமா என்று நாங்கள் அசந்துபோனோம். மறுநாள் விடிந்ததும் அவரே தொரையிடம் போய், கப்பலுக்குக் குறிக்கப்பட்டிருந்த, பந்தாடத் தெரிந்த ராமன் என்பவனைத் தோட்டத்திலேயே நிறுத்திக்கொண்டு, அவனுக்குப் பதிலாகச் சூசையின் பெயரைக் கொடுத்தார்.

சூசை நொண்டிக்கொண்டே வந்தான். "அண்ணே, ஒரு மாசத்துல கால் சரியாயிடும்ணே."

"அடுத்த வாரம் ஆட்டம் இருக்கு தம்பி."

"கைக்கொழந்தைய வச்சுக்கிட்டு எங்கண்ணே போவேன்?"

"ராமனுக்கும் புள்ள இருக்கு. அவனுக்குக் காலும் இருக்கு."

குழந்தை கப்பலிலேயே இறந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். சூசை போன அன்று மாலையும் பயிற்சி நடந்தது. அன்று ஒருவனும் பந்தைத் தவறவிடவில்லை. பார்க்க அழகாக இருந்திருக்கும்.

அந்த வருடம் கோப்பை எங்களுக்கு. அடுத்த வருடம் தொரை சீமைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்குப் பந்து என்றாலே ஆகாது. முதல் வேலையாக எங்கள் அத்தனை பேரையும் அனுப்பச் சொன்னார். பெயர்களைக் கூப்பிட்டவர் மாயாண்டி கங்காணிதான். குரல் தடுமாறவில்லை. திடலில் நிற்கும் வரிசையிலேயே கூப்பிட்டார். முதலில் என் பெயர்.

கப்பல் ஏற்ற எங்களைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோன லாரி ஜொகூர் பாருவில் நின்றபோது நான் இறங்கி நடந்துவிட்டேன். நாகூர்க்காரர் ஒருவர் பொந்தியானில் இருக்கும் இந்தக் கடையில் சேர்த்துக்கொண்டார். சில வருடம் கழித்துக் கங்காணி இங்கே கருவாடு வாங்க வந்தார். உடம்பு வற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும், "சூசையப் பத்தி ஏதும் தெரியுமா?" என்று கேட்டார்.

"அனுப்புனது நீங்கதானே. நீங்கதான் சொல்லணும்."

கருவாட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ராமனப் போட்டதாலதான் கோப்பை வந்துச்சு. இப்பக் கேட்டாலும் அதத்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். உலகத்திலேயே பெரிய அணியை உண்டாக்கியவர் என்று ஒருவர் பேசினார். அது பொய்யில்லை. பயத்தை மறந்து ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பயத்தையே காலாக்கி ஆடியவர்கள் நாங்கள் மட்டும்தான். குழியில் எனக்காக ஒரு பிடி, சூசைக்காக ஒரு பிடி மண் போட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்று உண்டு. முதலாளி கத்தினாலும், போலீஸ்காரர் கடைக்குள் நுழைந்தாலும் மற்றவர்கள் நடுங்குகிறார்கள். எனக்கு ஒன்றும் ஆவதில்லை. பயப்பட வேண்டியதையெல்லாம் நான் அவரிடமே பயந்து தீர்த்துவிட்டேன். அதற்காக அவருக்கு நன்றி சொல்லலாம்தான். மனம் வரவில்லை.