ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு பத்திரிகை

அச்சாபீசுல எழுத்துக் கோக்கறவனுக்கு, ஊரார் கல்யாணக் கவலைல பாதி நம்ம தலைலதான். பத்திரிகை அடிக்கக் குடுத்து அவஸ்தைப்பட்டவங்களுக்கு இது தெரியும். யுத்த காலத்துல, தர்மபுரியில நான் கோத்த ஒரு கல்யாணத்தைச் சொல்றேன்.

பென்சிலோட வந்த மாப்பிள்ளை

மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியாரு. எங்க வழக்கமான மாதிரியில அவருக்குக் கோத்து வெச்சிருந்த பத்திரிகையை நின்ன வாக்குல படிச்சாரு. "மகாராஜராஜஸ்ரீ", "அவர்கள் சமூகத்துக்கு அனேக வந்தனம்", "இவ்விடம் யாவரும் க்ஷேமம்", "உதயாதி ஐந்து நாழிகைக்கு" எல்லாத்தையும் பென்சிலால அடிச்சாரு. பேரு, தேதி, காலை ஒம்பது மணி, வாங்க. மிஞ்சினது அவ்வளவுதான்.

காயிதம் கெடைக்காத காலம். பத்திரிகை பாதியாச் சுருங்கினதுல எங்க மொதலாளிக்கு ஏக சந்தோஷம். இவ்வளவு வெட்டணுமாங்கன்னு நான்தான் கேட்டேன். அவரு சொன்னாரு: "பழசையெல்லாம் வெச்சா, வாசிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குக் கொழந்தை பொறந்துடுமுங்க."

ஒத்தைப் பத்திரிகை

மறுநாள் அவரோட அம்மா வந்தாங்க. பென்னாகரம் ரோட்டுல ஒரு ஊர்ல அவங்க அண்ணன் இருக்காரு. பங்கு பிரிச்சதுல மனஸ்தாபம், பல வருஷமாப் பேச்சு இல்ல. அவருக்கு மட்டும் பழைய மாதிரி ஒண்ணே ஒண்ணு வேணும்னாங்க.

ஒரு காயிதத்துக்காக ஒரு பக்கம் கோக்கறதான்னு மொதலாளி மொணங்கினாரு. அந்தம்மா நகரல. மகன் பென்சிலால அடிச்சுத் தள்ளினதை ஒண்ணு விடாம மறுபடியும் கோத்தேன். படிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு, முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டாங்க. "அந்தச் 'சமூகத்துக்கு' இல்லைன்னா எங்கண்ணன் வண்டி பூட்ட மாட்டாரு தம்பி. முகூர்த்தத்துக்கு வந்து தலையக் காட்டினாக்கூடப் போதும்."

ஒம்பது மணி

யுத்தத்துக்காக சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வெச்சிருந்த சமயம் அது. ஸ்டேஷன்லயும் பள்ளிக்கூடத்துலயும் புது டைம். வூட்டுக் கடிகாரத்தை முக்காவாசிப் பேரு தொடவேயில்ல. வாத்தியாரு போட்ட ஒம்பது மணி பள்ளிக்கூடத்து ஒம்பது; வூட்டுக் கடிகாரத்துல அது எட்டு. அதைப் பத்திரிகைல சொல்ல அவருக்கும் தோணல, எனக்கும் தோணல.

தாலி கட்டறப்போ பந்தல்ல பாதி காலி. அந்தம்மா அண்ணனுக்காக வாசலையே பாத்துட்டு இருப்பாங்கன்னு நெனச்சேன். அப்பறம்தான் பாத்தேன், அவங்க பக்கத்துலயே அண்ணன் நிக்கறாரு, கை நெறைய அட்சதையோட. பொழுது கெளம்பினதுல இருந்து அஞ்சு நாழிகை, அதாவது ரெண்டு மணி நேரம், கணக்குப் பண்ணி மொதல் ஆளா வந்துட்டாராம்.

மீதிப் பேரு ஒரு மணி நேரங் கழிச்சு வந்தாங்க, எங்க மொதலாளியும் சேத்தி. பந்தி நடந்துட்டு இருந்துச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி மாமா நேரம் தப்பலன்னு மாப்பிள்ளை கேட்டாரு. மாமா எலையில இருந்து தலை தூக்கல. "சூரியனுக்கு இன்னும் சர்க்கார் தாக்கீது போய்ச் சேரல மாப்ளே. உங்கம்மாவை இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லு."

அதுக்கப்பறம் நாங்க அடிச்ச பத்திரிகைல எல்லாம் நாழிகையும் இருக்கும், மணியும் இருக்கும்; எடம் பத்தலைன்னா பொண்ணு மாப்பிள்ளை பேரைத்தான் சின்ன எழுத்துல போட்டோம்.