லிஸ்டில் இல்லாத நம்பர்

எங்கள் பம்ப் கம்பெனிக்குப் புது போன் சிஸ்டம் வந்திருக்கிறது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இனி அதுவே பேசும். பழைய நம்பரை அதற்கு மாற்றுவது அடுத்த வாரம்.

அதற்குமுன் எல்லா இணைப்பையும் சோதிக்கும் வேலை, இருபது வருடமாக எங்கள் போனை எடுக்கும் சரசு அக்காவுக்கு.

இன்று காலை ஒவ்வொருவராகப் போனில் அழைத்து, "கேக்குதுங்களா?" என்று கேட்டு, நான் டைப் செய்து தந்த லிஸ்டில் டிக் போட்டார்.

கடைசியில் என்னிடம் வந்தார். "ஏங்கண்ணு, லிஸ்ட்ல என்ர நம்பரையே காணோம். டைப் பண்றப்ப உட்டுப்போட்டியா?"

விடவில்லை. முதலாளி தந்ததை அப்படியே அடித்தேன்.

"ஆமாங்கக்கா, மறந்துபோட்டனுங்க" என்றேன்.

"போகுது உடு, நானே எழுதிக்கறேன்."

அடியில் தன் பெயரை எழுதி, அழைத்துப் பார்க்காமலே டிக் போட்டார்.

நாளைக்கு அந்தத் தாளை முதலாளியிடம் கொடுக்க வேண்டியவன் நான். லீவுக்கு நல்ல காரணம் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.